பீரியட்ஸ் நிக்கிற வயசுல சினைப்பைக் கட்டி: ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றாங்க?

ஸ்கேன் ரிப்போர்ட்ல "4 செ.மீ. நீர்க்கட்டி"ன்னு பார்த்ததும் வீட்ல எல்லாரும் அந்த 4-ஐயே பிடிச்சுக்குவாங்க, ஆனா டாக்டர் மொதல்ல கேக்கறது கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சுன்னுதான். முன்னபின்ன வந்துட்டிருக்கற 47, 48 வயசுல, முட்டை வெளிய வராம, சினைப்பைக்குள்ள அது வளர்ற சின்னப் பையிலயே நீர் கோத்து நிக்கறது சகஜம், பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா வத்திடும். ஒரு வருஷமா பீரியட்ஸே இல்லன்னா அந்தச் சமாதானத்தை அவ்வளவு ஈஸியா சொல்ல முடியாது.

கட்டி கேன்சரா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு பார்க்க ஆர்எம்ஐன்னு ஒரு கணக்கே இருக்கு, 1990ல இங்கிலாந்துல வந்தது. ஸ்கேன் மார்க், மெனோபாஸ் மார்க், ரத்தத்துல சிஏ-125 (சினைப்பை கேன்சர்ல ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு, மூணையும் பெருக்கணும். கட்டிக்குள்ள தடுப்புச்சுவர், கெட்டியான சதை, ரெண்டு பக்கமும் கட்டி, வயித்துல நீர், வேற இடத்துக்குப் பரவின அடையாளம், இதுல ஒண்ணுமே இல்லன்னா 0, ஒண்ணு இருந்தா 1, அதுக்கு மேலன்னா 3. பீரியட்ஸ் நின்னாச்சுன்னா 3, நிக்கலன்னா 1. இப்ப தடுப்பும் சதையும் இருக்கு, சிஏ-125 வெறும் 30னு வைங்க (35 வரைக்கும் நார்மல்). பீரியட்ஸ் வர்றவங்களுக்கு 90, நின்னவங்களுக்கு 270! 200ஐ தாண்டினா கேன்சர் ஆபரேஷன் பண்ற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பறது வழக்கம்.

சிஏ-125ஐ மட்டும் பார்த்து பயந்துடாதீங்க, ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற சாதாக் கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது), ஏன் வயித்து டிபி இருந்தாகூட அது ஏறும், நம்ம ஊர்ல டிபியை மறக்கவே கூடாது.

பீரியட்ஸ் நின்னவங்களுக்கே, ஒரு பக்கம் மட்டும், தெளிவான நீர், 5 செ.மீ.க்குள்ள, சிஏ-125 நார்மல், தொந்தரவும் இல்லன்னா பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி 4-6 மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் பார்த்தா போதும், ஒரு வருஷம் வளராம இருந்தா அதையும் நிறுத்திடலாம். ஊசி போட்டு நீரை உறிஞ்சிடலாமேன்னு கேப்பாங்க, இந்த வயசுல அது வேலைக்காகாது, மறுபடி நிறையும், அந்த நீரை டெஸ்ட் பண்ணி கேன்சர் இல்லன்னு உறுதியாவும் சொல்ல முடியாது.

"அதான் வயசாயிடுச்சே, ரெண்டையும் எடுத்துடுங்க"ன்னு சொல்றதுதான் எனக்கு ஒத்துவராத பேச்சு. பீரியட்ஸ் இன்னும் வர்ற 46 வயசுல ரெண்டு சினைப்பையும் போச்சுன்னா ஹார்மோன் ஒரே நாள்ல விழுந்துடும், உடம்பு குப்புனு சூடாகறது, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம்னு வரிசையா வரும். அம்மா, அக்காவுக்கு சினைப்பை கேன்சர் இருந்திருந்தா பேச்சே வேற, அதை டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடணும்.

இந்தக் கணக்கெல்லாம் நிதானமா இருக்கறப்ப. திடீர்னு ஒரு பக்கமா தாங்க முடியாத அடிவயித்து வலி, கூடவே வாந்தின்னா சினைப்பை முறுக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம், அப்ப அடுத்த ஸ்கேன் தேதியைப் பார்த்துட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடணும்.