பசை காய்வதற்குள் விளக்கேற்றாதீர்கள்

வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு. ஹால் தரையில் பிவிசி பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தோம். கொசு வருமென்று யாரோ சன்னல்களைச் சாத்திவிட்டார்கள். மாலை ஆறு மணி. அந்த வீட்டு அம்மா குத்துவிளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தார். ஓடிப்போய்ப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "விளக்கு வைக்கிற நேரத்துல என்னப்பா இது?" என்று கோபித்தார். அவர்மேல் தப்பில்லை. காலையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் தடவும் ரப்பர் பசையில் டொலுயீன் மாதிரியான, சட்டென்று தீப்பிடிக்கும் கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்கும் போகும். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி, ஏன், ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது உள்ளே தெறிக்கும் சின்னப் பொறிகூட அந்த ஆவி தீப்பிடிக்கப் போதும். அதனால் ஃபிரிட்ஜ் பிளக்கை வேலை தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். வாடை நிறைந்தபின் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். வாடை போகட்டுமென்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் ஆபத்துதான். சன்னல், கதவு எல்லாம் திறந்தே கிடக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அன்றிரவு வேறெங்காவது தங்குவது நல்லது.

தண்ணீரில் கலக்கிய அக்ரிலிக் பசையில் இந்தத் தீப்பயம் இல்லை. காய நேரமாகும் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்காது. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தப் பசையானாலும் தரையில் ஈரம் இருந்தால் வீண். இரண்டடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஒட்டாதீர்கள். ஐப்பசி மழை முடிந்த கையோடு ஒட்டிக்கொடுத்து, பொங்கலுக்குள் ஷீட் உப்பி, அடியில் பூஞ்சை பிடித்து, திட்டு வாங்கிய அனுபவம் எனக்கே உண்டு. வாடகை வீடென்றால் முழுக்க ஒட்டவே வேண்டாம். ரோலை ஒருநாள் விரித்துப்போட்டுச் சுருள் போனதும் அளவாக வெட்டி, ஓரங்களில் மட்டும் இருபக்க டேப் போட்டால் போதும்.

பெயர்த்தெடுப்பதுதான் பெரிய தலைவலி. கடையில் 'லினோலியம்' என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கொடுப்பது பிவிசி ஷீட். 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் கொண்டுவந்த அசல் லினோலியம், ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கித் தக்கைத்தூளும் மரத்தூளும் சேர்த்துச் சணல்துணிமேல் அழுத்தியது. பிவிசி அப்படியல்ல. தீ பட்டால் மூச்சுக்குழாயை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். பழைய ஷீட்டை உரிக்க ஊதுவிளக்கு காட்டும் ஆளை உடனே நிறுத்துங்கள். ஒரு சாண் அகலத்துக்குக் கட்டரால் கீறி, ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி, பட்டி பிளேடைப் படுக்கவைத்துப் பொறுமையாக உரிக்க வேண்டும்.

தரையில் மிஞ்சும் பசைக்குப் பெட்ரோலையும் தின்னரையும் ஊற்றுகிறார்கள். மறுபடியும் அதே தீக்கதை. டர்பன்டைனைத் துணியில் கொஞ்சமாக நனைத்து, சன்னலைத் திறந்துவைத்து, சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். முதலில் ஒரு மூலையில் செய்துபாருங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். மொசைக் தரையில் ஆசிட் வேண்டவே வேண்டாம். பசையோடு பளிங்குச் சில்லும் அரித்துப்போகும். ரெட் ஆக்சைடு தரையில் எவ்வளவு பார்த்துச் செய்தாலும் மெருகு கொஞ்சம் பெயரும். அதை மறைத்து நான் வேலை பிடிப்பதில்லை.

லண்டன், டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களுக்கு முன் போட்ட வினைல் (பிவிசி) தரையின் அடிப்பட்டையிலோ கறுப்புப் பசையிலோ, தூள் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்கலாம். சுரண்டவோ மணல்தாளால் தேய்க்கவோ வேண்டாம். ஒரு துண்டைச் சோதனைச்சாலையில் பார்க்கச் சொல்லுங்கள். தரை கெட்டியாக இருந்தால் அதன்மேலேயே புதியதைப் போட்டு மூடிவிடலாம்.