லென்ஸில் விழும் ஒரு துளி

மூக்கு வழியாகச் செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்ற வேண்டி வருவது அபூர்வம். ஆனாலும் மருத்துவர் ஒவ்வொரு துளியையும் கண்டு அஞ்சுவார். மூக்குக்குள் விட்டுத் திரையில் பார்க்கும் லென்ஸ் குழாயான எண்டோஸ்கோப்பின் தடிமன் 4 மில்லிமீட்டர். அதன் நுனியில் ஒரு துளி பட்டாலே திரை முழுக்கச் சிவந்துவிடும். காகிதம் போன்ற எலும்புக்கு அந்தப் பக்கம் கண், மேலே மூளை. அங்கே கண்மூடித்தனமாகக் கருவியை நகர்த்த முடியாது.

கசிவு பெரும்பாலும் சளிச்சவ்வின் நுண்ணிய நாளங்களிலிருந்துதான். ஊற்றைத் தேடி அடைக்க முடியாது, தரையே ஈரம். அதனால் வேலையில் பாதி, வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தலைப்பக்கத்தை 15 முதல் 20 டிகிரி உயர்த்தினால் சிரை ரத்தம் தானாக நெஞ்சுப் பக்கம் வடியும். நாளங்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டுகளை மூக்கில் வைத்துச் சில நிமிடம் காத்திருந்தால், தடித்துச் சிவந்த சவ்வு சுருங்கி வெளிறிப்போகும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. பஞ்சில் நனைக்கும் அட்ரினலின் பெரும்பாலும் 1:1000, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு மருந்து. ஊசியில் போடுவது அதைவிட 100, 200 மடங்கு நீர்த்தது. இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். மாற்றி ஏற்றினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். பஞ்சுக்கானதில் மட்டும் மஞ்சள் சாயம் கலந்து வைக்கும் பழக்கம் இதனால் வந்ததுதான்.

மீதிப் பொறுப்பு மயக்க மருந்து மருத்துவருடையது. ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் நாளங்களை விரிக்கும் மருந்தால் குறைத்தால் கசிவு கூடலாம்: விரிந்த நாளம், ஈடுகட்ட வேகமெடுக்கும் இதயம். நாடித் துடிப்பை நிமிடத்துக்கு 60 அருகே வைப்பதுதான் என் பார்வையில் பெரிய சூட்சுமம். வாயு மயக்க மருந்துகள் நாளங்களை விரிப்பதால், பலர் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிரை வழியே தொடர்ந்து செலுத்துகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பயமுறுத்தும் நாளம் ஒன்று உண்டு. சைனஸின் கூரையை ஒட்டிக் குறுக்கே ஓடும் முன் எத்மாய்டு தமனி அறுபட்டால், முனை கண்குழிக்குள் சுருங்கி ஓடிவிடும். ரத்தம் உள்ளே தேங்கிப் பார்வை நரம்பை நெரிக்கும். உடனே கடைக்கண் ஓரத்தை வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும், தாமதித்தால் பார்வையே போகலாம். முகமெல்லாம் துணியால் மூடினாலும் கண்களை மட்டும் வெளியே தெரியும்படி விடுகிறார்களே, இமை புடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கத்தான்.