திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வரும் கோலம்

திருப்பூரில் 11 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போகிற அம்மா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார், அதனால் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் முக்கால்வாசி எங்கள் கையில்தான் கழிகிறது. கால் கழுவி விடுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நாங்கள்தான் என்பதால் பிள்ளை உடம்பில் எது மாறினாலும் முதலில் எங்கள் கண்ணில்தான் படும். பட்டதைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை, அதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

ஒரு வயது இரண்டு மாதம் ஆன பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் அவனைத் தூக்கினால் டயப்பர் முழங்கால்வரை தொங்கும். கழற்றினால் உள்ளே இருக்கும் ஜெல் உடைந்து ஊறின ஜவ்வரிசி மாதிரி தொடையெல்லாம் ஒட்டியிருக்கும். தொடை இடுக்கில் தோல் செக்கச்செவேல் என்று உரிந்து, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகளாகச் சிவந்திருக்கும், தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுவான். நானும் ஆயாவும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றியெடுத்து, அரை மணி நேரம் காற்றாடப் போட்டு, ஜிங்க் களிம்பு தடவி விடுவோம். சனிக்கிழமைக்குள் கொஞ்சம் ஆறிவிடும். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு, திங்கட்கிழமை பழையபடி வந்து நிற்பான்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அவன் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மனசு நோகும், பிள்ளையை நிறுத்திவிடுவார், மாசப் பணம் போய்விடும் என்ற பயம்தான். ஆனால் சமையலறையில் நாங்கள் பேசாத பேச்சில்லை. என்ன பொம்பளை இவள், பிள்ளையைப் பெத்துட்டாப் போதுமா என்றெல்லாம் பேசினோம். பெற்றவள் காதில் விழ வேண்டிய விஷயம் அவளைத் தவிர எல்லார் காதிலும் விழுந்துகொண்டிருந்தது, இதைவிட மோசமான காரியம் இந்தத் தொழிலில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். சத்தமில்லாமல் நாங்களே கழுவி மருந்து போட்டுச் சரிசெய்வது நல்ல மனசுதான், ஆனால் அதனால் வீட்டில் எதுவும் மாறாது, ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளைதான் அனுபவிக்கும்.

அப்புறம் ஒருநாள் சொன்னேன், அதுவும் வாசலில், மற்ற அம்மாக்கள் நாலு பேர் நிற்கும்போது. "ஏம்மா, ராத்திரி பூரா மாத்தவே மாட்டீங்களா?" அந்தப் பெண் முகம் சுண்டிப்போய்ப் பையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பையன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் மனசு கேட்காமல் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஆறு வீடு கொண்ட லைன் வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம். குழாயில் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான், அதைப் பிடித்து டிரம்மில் வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு அந்தப் பாத்ரூம் வாசலில் எப்படி வரிசை நிற்கும் என்று பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. தலை குனிந்தபடியே அவர் சொன்னது: "பாக்கெட்லயே 12 மணி நேரம்னு போட்டிருக்குதுங்கக்கா. நான் ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டுறேன், காலைல எட்டரைக்கு நீங்க கழட்டிடுறீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு, அவ்வளவுதான் எனக்கு முடியும். கணக்கு சரியாத்தானே இருக்குது?"

அவர் சோம்பேறியும் இல்லை, அக்கறை இல்லாதவரும் இல்லை, பாக்கெட்டில் அச்சடித்ததை அப்படியே நம்பியிருக்கிறார். 12 மணி நேரம் என்பது வெளியே ஒழுகாமல் இருப்பதற்குச் சொல்லும் கணக்கு, பிள்ளையின் தோலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும், வெளிக்குப் போய்விட்டால் அந்த நிமிஷமே கழுவ வேண்டும். இதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை, சொல்லியிருக்க வேண்டிய நான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பேசி முடிவு செய்தது சின்ன விஷயம்தான். வீட்டில் இருக்கும்போது டயப்பரே வேண்டாம். அவருக்குக் கம்பெனியில் கிடைக்கிற பருத்தி பனியன் வேஸ்ட் துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காய வைத்துக் கட்டினால் போதும். ராத்திரி தூங்கப் போகும்போது ஒரு டயப்பர், இடையில் பால் கேட்டு எழும்போது ஒருமுறை மாற்றுவது. பவுடர் போடக் கூடாது, அது மூச்சில் போய்ப் பிள்ளைக்குக் கெடுதல். இடுக்கில் பொட்டுப் பொட்டாகப் பரவியிருந்தது பூஞ்சைத் தொற்று, அது வெறும் ஜிங்க் களிம்புக்கு அடங்காது, டாக்டரிடம் காட்டி அதற்கான களிம்பு வாங்க வேண்டும் என்றும் சொன்னேன், வாங்கினார். மூன்று வாரத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

இப்போது நான் பேசுகிற முறையே வேறு. வாசலில் பேசுவதில்லை. சனிக்கிழமை சாயந்திரம் பேசுவதில்லை, அன்று சம்பள நாள், வாடகை, மளிகைக் கடன், தவணை என்று தலை கிறுகிறுத்துப்போய் வருவார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன்: "நேத்து சாயந்திரம் இல்லாத சிவப்பு இன்னிக்குக் காலைல இருக்குதும்மா, வாங்க காட்டுறேன்." நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை என்ற வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாது, அது வந்தால் அதற்கப்புறம் நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. ஏன் செய்யவில்லை என்பதற்குப் பதிலாக, ராத்திரி யார் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்கள், குளிப்பாட்டுவது யார், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நடுவில் வரும் அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொண்டால் முக்கால்வாசி விஷயம் தானாக வெளியே வரும்.

இரண்டு விஷயம் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒன்று, பிள்ளையின் மறைவிடத்தைச் செல்போனில் படம் எடுக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுவதற்காக என்றாலும் வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். நேரில் காட்டுங்கள். இன்னொன்று, நாம் எல்லாக் குறையையும் அம்மாவிடம் மட்டுமே சொல்கிறோம். அப்பா பைக்கில் வந்து நின்றால் சிரித்துவிட்டுப் பிள்ளையையும் பையையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அவருக்கும் அது பிள்ளைதானே, நகம் வெட்ட அவருக்கும் தெரியும். இப்போது இருவரில் யார் வந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பல் விஷயத்தில் எதிர்ப்பு வருவது பாட்டிகளிடமிருந்து. மூன்று வயசுப் பெண்ணுக்கு மேல் வரிசை முன்பல் நாலும் கருத்து அரித்துப்போயிருந்தது, ராத்திரி சர்க்கரை போட்ட பாட்டில் பாலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கம். பாட்டி சொன்னார், "விழப்போற பல்லுதானே சாமி." முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி, ஆனால் கடைவாய்ப் பால்பல் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியது. வலிக்கிற பிள்ளை மென்று சாப்பிடாது, சாப்பிடாத பிள்ளை எடை போடாது. ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு மாதிரி தெரியும்போதே பல் டாக்டரிடம் போய்விட்டால் கருப்பதற்கு முன்னால் நிறுத்தலாம். முதல் பல் வந்ததிலிருந்தே துலக்க வேண்டும், மூன்று வயதுவரை பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும்.

இட்லியை ஒளித்து வைத்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டரை வயது. திங்கட்கிழமை காலையில் மூன்று இட்லி, தட்டில் வைத்த வேகத்தில் உள்ளே போகும். ஒருநாள் கவுன் மாற்றும்போது பாக்கெட்டில் பாதி இட்லி இருந்தது, பிசைந்து பந்தாக உருட்டி வைத்திருந்தாள். எடுக்கப் போன ஆயாவின் கையைத் தள்ளிவிட்டாள். தலையில் சிக்கு, பேன், காது பின்னால் அழுக்கு ஏடு கட்டியிருந்தது. பக்கத்து அங்கன்வாடியில் கை சுற்றளவு அளக்கும் நாடா இருக்கும், அங்கே கூட்டிப்போய் அளந்து பார்த்தோம், மஞ்சள் பட்டையில் நின்றது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொண்டுவந்து விடுவது அப்பாதான். உட்கார வைத்து, இட்லிப் பந்தைப் பற்றிச் சொல்லி, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களா தம்பி என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டாவது பிரசவம் ஆகி ஐந்து மாதமாகிறது, அவள் எழுந்திருப்பதே இல்லை, கைக்குழந்தை அழுதாலும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள், மந்திரித்தும் பார்த்துவிட்டோம் என்றார். நைட் ஷிப்ட் முடித்து வந்து சோறாக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாராம். பெரியவள் சாப்பிட்டாளா என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை. நான் அந்தப் பிள்ளையின் தலையில் இருந்த பேனைப் பார்த்து அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், அங்கே அந்த அம்மாவே நோயில் கிடந்தார். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. அந்தப் பகுதி சுகாதார செவிலியரிடம் சொன்னோம், அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் மருத்துவ உதவி எண் 104-க்கு அழைக்கலாம், மனநலத்துக்கென்றே டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

எல்லாமே இப்படிப் பேசித் தீர்ந்துவிடாது. காப்பகம் நடத்துகிறவர்கள் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், என்ன பார்த்தோம், யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார். மூன்று முறை சொல்லியும், உதவி செய்ய ஆள் காட்டியும், கையில் வசதி இருந்தும் பிள்ளை அதே புண்ணோடும் அதே பசியோடும் வந்தால் அதை நான் வறுமை என்று சொல்ல மாட்டேன், அலட்சியம் என்றுதான் சொல்வேன். அப்போது குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரமும் இலவசம். சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மில் பலர் பயந்து சொல்லாமலே இருந்துவிடுகிறோம். 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கமே முடிந்தவரை பிள்ளை குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான், விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

பெற்றவர்களிடம் முதலில் பேசக் கூடாத சமயமும் உண்டு. தீக்காயம், பெல்ட் தடம், பெரியவர் கடித்த மாதிரி தடம், மறைவிடத்தில் காயம், குறிப்பிட்ட ஒருவர் அழைத்துப்போக வந்தால் மட்டும் பிள்ளை வெளிறிப்போய் ஒளிவது. இங்கே விசாரணை செய்வது நம் வேலை இல்லை. யார் செய்தது, அவரா, இவரா என்று பிள்ளையைத் துருவக் கூடாது, அது தானாகச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்துவிட்டு 1098-க்கோ போலீசுக்கோ சொல்ல வேண்டும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012-ம் வருடத்து போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை.

அதற்காகக் கண்ணில் பட்ட நீலத்தையெல்லாம் அடி என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இடுப்பிலும் பின்பக்கத்திலும் பிறக்கும்போதே நீலத் திட்டு இருக்கும், வயது ஏற ஏறத் தானே மங்கிவிடும். சேர்க்கிற அன்றைக்கே அம்மாவை வைத்துக்கொண்டு உடம்பில் இருக்கும் மச்சம், தழும்பு, திட்டு எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பின்னால் இரண்டு தரப்புக்கும் வீண் சந்தேகம் வராது.

அன்றைக்கே இன்னொன்றும் சொல்லிவிடுவேன். உங்கள் பிள்ளை உடம்பில் நான் எதைப் பார்த்தாலும் நேராக உங்களிடம்தான் சொல்வேன், எங்கள் பக்கம் தப்பு நடந்தாலும் அன்றைக்கே சொல்வேன், நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று. இதை வாயளவில் வைத்திருந்தால் பலிக்காது. ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டால், அம்மா வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவதில்லை, பையைக் கொடுப்பதற்கு முன்னாலேயே, "நாங்க அசந்துட்டோம்மா, இங்க பாருங்க" என்று காட்டிவிடுகிறோம். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் சொல்வதையும் அவர்கள் கோபப்படாமல் கேட்கிறார்கள்.

போன வாரம் ஒரு அம்மா, எட்டரை மணி சங்கு ஊதப்போகிற அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அக்கா, ராத்திரி மூணு தடவை கழிச்சல் போயிட்டான். கரண்ட் இல்ல, இருட்டுல சரியாக் கழுவி விட்டேனான்னு தெரியல. நீங்க ஒருக்கா நல்லாப் பாத்துடுங்க" என்று பையனை என் கையில் கொடுத்துவிட்டு, ஓஆர்எஸ் பாக்கெட் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது என்று கதவருகே போய் நின்று திரும்பிச் சொல்லிவிட்டு ஓடினார்.