ட்ரையர் புகையும் ஹம்பர்க் துறைமுகமும்

இலங்கையின் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் (கொழுந்தைக் காயவைக்கும் இயந்திரம்) பார்க்கும் என் மாமா, வேலைக்குப் போனதும் முதலில் மூக்கைத்தான் வேலை வாங்குவார். அடுப்பில் விறகு எரியும். புகை இரும்புக் குழாய்களுக்குள் ஓடி, புகைபோக்கி வழியே வெளியேறும். குழாய்களுக்கு வெளியே இருக்கும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, அரைத்த கொழுந்தைக் காயவைக்கும். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகையும் காற்றும் கலந்துவிடும். முன்பு அது ருசிக் குறை மட்டும்தான். 'புகை அடிச்ச தூள்' என்று கொழும்பில் விலையைக் குறைப்பார்கள். இப்போது அந்த ஓட்டையால் ஐரோப்பாவின் கதவே மூடிக்கொள்ளலாம்.

"எங்கேயோ இருக்கிறவனுக்கு நம்ம அடுப்புல என்ன வேலை, மருமகனே?" என்று மாமா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி.

கொழுந்து மடுவத்திலிருந்தே தொடங்கலாம். நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எடை கழிப்பார்கள். ஒரு தோட்டத்தில் கழிப்பது ஒரு கணக்கு, பக்கத்துத் தோட்டத்தில் வேறு கணக்கு. (இந்தக் கழிவைப் பற்றி நம் அம்மாமார் பேசத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.) இரண்டு தோட்டங்களும் கொழுந்தைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு வழிகள்தான். உன் நிறுவையை நான் அப்படியே ஏற்றுக்கொள்வது ஒன்று. இருவரும் ஒரே கணக்குக்கு வருவது மற்றொன்று.

ஐரோப்பிய ஒன்றியம் என்ற பொதுச் சந்தையின் நாடுகளும் இந்த இரண்டையும்தான் செய்கின்றன. 1957இல் ரோமில் ஒப்பந்தம் போட்டவர்கள் தங்களுக்குள் சுங்க வரியை ஒழித்தார்கள். ஆனால் வரி போன இடத்தில் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரான்சின் கசிஸ் என்ற பழமதுவில் 15 முதல் 20 சதவீதம் வரைதான் சாராயம். ஜெர்மன் சட்டமோ அந்த வகை மதுவில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. சாராயம் குறைந்த மது குடிப்பழக்கத்தை எளிதில் வளர்க்கும், ஆகவே இது மக்கள் நலனுக்கான சட்டம் என்று ஜெர்மனி வாதாடியது! ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் அதைத் தள்ளிவிட்டது. ஒரு நாட்டில் சட்டப்படி செய்து விற்கும் பொருளை, வலுவான காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதனால் எல்லாச் சட்டங்களையும் ஒன்றாக்கத் தேவையில்லாமல் போயிற்று. உடல்நலம் போன்ற நியாயமான காரணத்தைச் சொல்லி ஒரு நாடு பொருளைத் தடுக்கக்கூடிய இடங்களில்தான் பொதுச்சட்டம் அவசியமாகிறது. அதற்கும் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது: எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். 1987இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத் திருத்தம், சந்தை சார்ந்த பெரும்பாலான சட்டங்களுக்கு அந்த ஒருமித்த சம்மதம் வேண்டாம் என்றாக்கியது. இன்று 27 நாடுகளில் 55 சதவீதம் ஆதரித்து, அவற்றில் மொத்த மக்கள்தொகையின் 65 சதவீதமாவது இருந்தால் போதும். பொதுச்சட்டமும் இரண்டு விதம். ஒன்று இலக்கை மட்டும் சொல்லும். ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். மற்றது இடையில் யாரும் கை வைக்காமல் எல்லா நாடுகளிலும் நேரடியாகச் செல்லுபடியாகும்.

பூச்சிமருந்து எச்சத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது வகை. அதுவரை பல மருந்துகளுக்கு நாட்டுக்கு ஒரு வரம்பு இருந்தது. 2008 செப்டம்பரிலிருந்து ஒரே பட்டியல். பட்டியலில் தனி வரம்பு இல்லாத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொது விதி. இந்த எண்ணைப் பலரும் நஞ்சின் எல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஆய்வுகூடக் கருவிகள் நம்பகமாக அளக்கக்கூடிய கீழ் எல்லையை ஒட்டி வைத்த எண் அது. 'அனுமதி இல்லாதது இருக்கவே கூடாது' என்பதை இலக்கத்தில் சொல்லும் முறை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இனி மாமாவின் அடுப்பு. விறகு அரைகுறையாக எரியும்போது உண்டாகும் பொருட்களில் அந்த்ராகுயினோன் ஒன்று. விதைகளைப் பறவைகள் தின்னாமலிருக்க ஒரு காலத்தில் அதையே மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அதனால் ஐரோப்பியப் பட்டியலில் அது பூச்சிமருந்துக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மருந்தே அடிக்காத மலையின் தேயிலையும் புகை பட்டால் பூச்சிமருந்துச் சட்டத்தில் மாட்டும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. 2014இல் வந்த விதிப்படி தேயிலையில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். ஐம்பது தொன் தூளில் ஒரு கிராம்! தேயிலையில் கஃபீனும் பொலிபீனோல்களும் நிறைந்திருப்பதால் அதில் இவ்வளவு சிறிய அளவைப் பிரித்துப் பார்ப்பது கடினம். 0.01க்குப் பதில் 0.02 வந்ததன் பின்னணி அதுதான். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்தோடு வகைப்படுத்தியுள்ள பொருட்களில் இதுவும் இருக்கிறது, ஆகவே கவலை வெறுங்கற்பனையல்ல.

சட்டம் ஒன்றானதில் ஏற்றுமதியாளருக்கு லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஜெர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்தில் தேறிய பெட்டி வார்சோவுக்கும் போகலாம், மிலானுக்கும் போகலாம். நாட்டுக்கு நாடு வேறு வரம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே சிக்கினால், நாடுகளை இணைக்கும் உணவு எச்சரிக்கை வலையமைப்பு வழியே சேதி எல்லாத் தலைநகரங்களுக்கும் போய்விடும்.

ஒன்றானது பிரிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் எச்ச வரம்புப் பட்டியல் தனி. வட அயர்லாந்து மட்டும் ஐரோப்பியப் பட்டியலோடு நிற்கிறது. கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் நடுவில் இருப்பது சிறிய கடல்தான். இரண்டு பட்டியல்களும் பிரிந்தபோது ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒவ்வொரு மருந்தாகத் தனித்தனி வழியில் போகத் தொடங்கின.

இதில் மாமாவுக்கு இன்னொரு சங்கடம். இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. இன்று ட்ரையரில் இறங்கும் தூளை ஈராக்குக்காரர் வாங்குவாரா ஜெர்மன்காரர் வாங்குவாரா என்று காயவைக்கும் நேரத்தில் எவருக்கும் தெரியாது. ஆகவே எந்தச் சந்தையின் வரம்பு ஆகக் கடுமையோ, அதை நினைத்துத்தான் எல்லாத் தூளையும் காயவைக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் மூன்று குழாய்களைக் கழற்றிப் புதிது போட்டார்கள். மாமா இன்னமும் மூக்கை நீட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்.