உள்சில்லு ஏன் வீணாகச் சுழல்கிறது?

புளியங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று இருக்கிறது, ஈகே4. கோன்களுக்கு (கூம்பு அடையாளங்களுக்கு) நடுவே ஓட்டும் ஓட்டோகுரொஸ் போட்டிக்கு அதைத் தயார் செய்கிறார். "அண்ணை, ஜப்பான் சாமான் ஒண்டு வாங்கக் காசு சேர்த்து வச்சிருக்கிறன். சைலன்சர் மாத்தவா, ஷொக் மாத்தவா? கோனைச் சுத்தி வெளிய வந்து மிதிச்சா உள்பக்கச் சில்லு கீச்சிட்டுச் சுத்துது, கார் போகுதில்லை." அவர் கேட்டதற்கான விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது.

ஓட்டோகுரொஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டும்தான். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம், பெரும்பாலும் இரண்டாம் கியர், வளைவுக்கு மேல் வளைவு. தார்த் தளத்தில் நடக்கும் இதேமாதிரிப் போட்டியை ஜப்பானில் ஜிம்கானா என்கிறார்கள், மண் தளத்தில் நடந்தால் டேர்ட் ட்ரையல். இரண்டுக்கும் அங்கே தேசிய சாம்பியன் போட்டிகள் உண்டு. ஜப்பான் கம்பனிகள் இந்தச் சின்ன வளைவுகளையும் மனதில் வைத்துச் சாமான் செய்வது அதனால்தான். எங்களைப்போல அவர்களும் வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்து ஓட்டுபவர்கள், அது கூடுதல் வசதி.

முதல் செலவு ரயர். பல ரயர்களின் பக்கச் சுவரில் ஒரு தேய்மான எண் இருக்கும். எண் குறைந்தால் பொதுவாகப் பிடி கூடும், ஆயுள் குறையும். யோக்கஹாமா அட்வான் நியோவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்ஈ-71ஆர்எஸ் போன்றவை 200 மட்டில் நிற்பவை. அப்புறம் பிறேக் பாட். பந்தய ஓடுபாதைக்குச் செய்த பாட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கடிக்கும், ஒரு நிமிட ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எண்ட்லெஸ், புரொஜெக்ட் மியூ போன்ற கம்பனிகள் எந்த வெப்பநிலையில் தங்கள் பாட் வேலை செய்யும் என்று அச்சிட்டே தருகின்றன. குளிரிலேயே கடிக்கும் ரகத்தை எடுங்கள். ஷொக் நல்லதுதான், ஆனால் எங்கள் கிரவல் றோட்டில் அளவுக்கு மிஞ்சி இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் சில்லு நிலத்தை விட்டுத் துள்ளும். சைலன்சரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏற்கனவே நிலத்துக்குப் போய்ச் சேராத வலுவைக் கூட்டி என்ன பயன்?

சரி, இனி இஞ்சினின் வலுவை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிபரன்சலுக்கு வருவோம்.

கார் வளையும்போது வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும். இரு சில்லுகளுக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என்று வையுங்கள். ஒரு கோனைச் சுற்றி அரை வட்டம் அடித்தால் வெளிச்சில்லு உள்சில்லைவிட 4.7 மீற்றர் கூட ஓடும். வட்டம் சின்னதோ பெரிதோ, அந்த 4.7 மாறாது. ஒன்றரையைப் பை என்ற 3.14ஆல் பெருக்கிப் பாருங்கள். சிவிக்கின் ரயருக்கு அது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. இரண்டு சில்லையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் இந்த இரண்டரைச் சுற்றை ரயர்கள் உரசித்தான் தீர்க்கவேண்டும். வேகம் வேறுபட இடம் கொடுக்கத்தான் டிபரன்சல் வந்தது.

வேகத்தில் வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும் டிபரன்சல், விசையில் கொடுப்பதில்லை. மாட்டு வண்டி நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஏர்க்கால், இரு முனையிலும் இரண்டு மாடு. ஒரு மாடு தளர்ந்தால் நுகம் அந்தப் பக்கம் பின்வாங்கும், மற்ற மாடு எவ்வளவு பலசாலியானாலும் அதன் இழுவை வண்டிக்கு முழுதாய் வராது. டிபரன்சலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமும் நடுவில் தாங்கப்பட்ட ஒரு நுகம்தான். இரு சில்லுக்கும் எப்போதும் சம முறுக்குவிசைதான் கொடுக்கும்.

வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்ந்து உள்சில்லு இலேசாகிறது. அது 50 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை மட்டும் தாங்குகிறது, வெளிச்சில்லு 600 தாங்கும் என்று வையுங்கள். இரண்டுக்கும் 50, 50தான் போகும், மொத்தம் 100. மீதி வலுவெல்லாம் உள்சில்லைச் சுழற்றிப் புகையாக்குகிறது. தம்பி கேட்ட கீச்சொலி இதுதான்.

இதே நிலைமையை வன்னியில் வயல் செய்பவர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் பெரியப்பாவின் மெஸி பெர்கசன் சேற்றில் நின்ற காட்சி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரிய சில்லு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல, மற்றது அசையாமல் நின்றது. பெரியப்பா இஞ்சினை மெதுவாக்கி, வலது காலடியில் இருந்த சின்ன மிதியைக் குதிக்காலால் அமத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு சில்லும் ஒன்றாய்ச் சேர்ந்து, பெட்டியோடு ட்ரக்டர் ஊர்ந்து வரம்பேறியது. அதுதான் டிபரன்சல் லொக். ஆனால் அதை அமத்திக்கொண்டே கோனைச் சுற்ற முடியாது. காருக்கு வேண்டியது தானாகப் பூட்டி, தானாகத் திறக்கும் பூட்டு.

அந்தப் பூட்டின் பெயர் லிமிட்டட் ஸ்லிப் டிபரன்சல், சுருக்கமாக எல்எஸ்டி. 1935இல் ஓட்டோ யூனியன் பந்தயக் காரின் சில்லு வீணாகச் சுழல்கிறது என்று பெர்டினான்ட் போர்ஷே ஜெர்மனியின் இஸட்எப் கம்பனியிடம் இதைச் செய்யச் சொன்னார். இன்று குஸ்கோ, காட்ஸ், ஓஎஸ் கிகென் ஆகிய ஜப்பான் பெயர்களில் கிடைக்கும் தட்டு வகை எல்எஸ்டியும் அதே பிரச்சினைக்குத்தான் விடை சொல்கிறது. ஒக்கயாமாவில் இருக்கும் காட்ஸ் கம்பனி புல்வெட்டும் மெசினும் செய்கிறது என்று அறிந்தபோது எனக்கு அந்தக் கம்பனி மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது தட்டுகள், மெல்லிய உருக்கு வளையங்கள். ஒன்றுவிட்ட ஒன்றுக்கு வெளியே காது இருக்கும், அந்தக் காது டிபரன்சல் கூட்டில் மாட்டும். மற்றவற்றுக்கு உள்ளே பல் இருக்கும், அந்தப் பல் சில்லுக்குப் போகும் தண்டின் பக்கம் மாட்டும். தளர்வாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். நெருக்கிப் பிடித்தால் உராய்வு கூட்டையும் தண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். யார் நெருக்குவது? நடுவில் இரண்டு கனத்த வளையங்கள் முகம் பார்த்து நிற்கின்றன. அவற்றின் விளிம்பில் ஆப்பு வடிவப் பள்ளம், பள்ளத்துக்குள் சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு. நீங்கள் மிதிக்கும்போது இஞ்சின் கூட்டைச் சுழற்றும், கூட்டோடு வளையங்களும் சுழலும். சில்லுகளின் பாரம் குறுக்குத் தண்டைப் பிடித்து வைத்திருப்பதால் அது பள்ளத்தின் சரிவில் ஏறப் பார்க்கும். மரத்தில் ஆப்பு இறங்கினால் பிளவு அகல்வதுபோல இரண்டு வளையங்களும் விலகித் தட்டுகளை நெருக்கும். எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு நெருக்கம். இழுவை குறைந்தால் தளர்கிறது. வயரோ கணினியோ இல்லை, இஞ்சினின் இழுவையே பூட்டுகிறது. வேகமாய்ச் சுழலும் உள்சில்லிடமிருந்து மெதுவான வெளிச்சில்லுக்கு விசை தட்டுகள் வழியே கடக்கிறது. ஒரு சரிவின் கோணத்துக்குள் இவ்வளவு புத்தியை வைக்கலாம் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

வாங்கும்போது 1 வே, 1.5 வே, 2 வே என்று கேட்பார்கள். அதுவும் இந்தப் பள்ளத்தின் கதைதான். முடுக்கும் பக்கம் மட்டும் சரிவு இருந்தால் 1. காலை எடுக்கும் பக்கமும் அதே சரிவு இருந்தால் 2, அங்கே கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் 1.5. முன்சில்லு இழுக்கும் சிவிக்கில் 2 வே போட்டால், வளைவுக்குள் நுழையும்போதும் பூட்டிக்கொண்டு மூக்கு திரும்ப மறுக்கும். தம்பிக்கு என் தெரிவு 1 வே. சிவிக் டைப் ஆர்-இல் கம்பனியே போட்டு விட்டது வேறு ரகம், சாய்ந்த பல்சக்கரங்களால் வேலை செய்வது. மென்மையானது, சத்தம் இல்லை, தட்டுத் தேய்வில்லை. ஆனால் அது பிடி குறைந்த சில்லின் விசையைப் பெருக்கித் தருவது. சில்லு நிலத்தைவிட்டு எழும்பினால் பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான்.

இங்கே ஒரு ஆதங்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, இலங்கை ஜெர்மன் பயிற்சி நிலையமும் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் வேலி போட்ட ஒரு சீமெந்துத் திடல் வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். பிள்ளைகள் அளந்து, ஓட்டி, பிரித்துப் பார்க்க ஒரு இடம். நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 0.1 சதவீதம். 2024 ஏப்ரலில் தியத்தலாவைப் பந்தயத்தில் கார் பாய்ந்து பார்வையாளர்கள் உட்பட 7 பேர் இறந்தார்கள். வேலியும் திடலும் ஆடம்பரம் இல்லை. ஏ9 வீதி பழகும் இடமும் இல்லை. அப்புறம், ஒரே வளைவில் திரும்பத் திரும்ப வழுக்கும் காரை "இலக்கம் ராசியில்லை, நாவூறு" என்று சொல்லி விற்றுவிடுவோரைக் காணும்போது மனம் நோகிறது. சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதில் மன ஆறுதல் கிடைத்தால் வையுங்கள், ஆனால் காரை ஜக்கில் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

சாமான் எடுக்கும்போது இஞ்சின் அறைத் தகட்டில் இருக்கும் மாதிரி எண்ணையும் கியர்பெட்டி எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு கடையில் "ஜப்பான்தான்" என்ற சொல்லை நம்பி வாங்கினேன். தண்டின் பல் எண்ணிக்கை பொருந்தவில்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. எல்எஸ்டியைப் பொருத்தியபின் திடலில் மெதுவாக எட்டுப் போட்டுத் தட்டுகளைப் பழக்கி, அந்த ஒயிலை வடித்துப் புதிதாக ஊற்றவேண்டும். எந்த ஒயில் என்பதை எல்எஸ்டி செய்தவர் சொன்னபடி ஊற்றுங்கள். மெதுவாகத் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் பயப்பட வேண்டாம், தட்டுகள் பிடித்து விடும் சத்தம்தான்.

காசு கொடுக்க முன் இன்னொன்று. முன்னிரு சில்லையும் தூக்கி, ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, இஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போடுங்கள். ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண டிபரன்சல். கையால் சுற்றவே முடியாமல் இறுகி நின்றால், இந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் உள்ளே ஒரு எல்எஸ்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கக்கூடும். அப்படியானால் புதிது வாங்க முன் அதன் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.