மொசார்ட்டின் பறவை பிடிப்பவனும் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரும்

“பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் ‘13 ரீசன்ஸ் ஒய்’ பார்க்கிறாள். தடுக்கலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தடுத்தால் போர்வைக்குள் போனை வைத்துப் பார்ப்பாள். அதைவிட, அந்தத் தொடரில் எது சிக்கல் என்று தெரிந்துகொள்வது உபயோகம்.

2017 மார்ச் 31 அன்று வெளியான அமெரிக்கத் தொடர் அது. தற்கொலை செய்துகொண்ட ஒரு பள்ளி மாணவி, தன்னைக் காயப்படுத்தியவர்களுக்காகப் பதிவுசெய்து வைத்த கேசட்டுகள்தான் கதை. அடுத்த மாதமே அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்காரர்களின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியது என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. கதாநாயகி பெண், கூடியதோ பெரும்பாலும் பையன்களிடம். அந்த ஏறுமுகம் முன்பே தொடங்கிவிட்டது, தொடர் மீது பழி போட முடியாது என்று வேறோர் ஆய்வாளர் அதே புள்ளிவிவரத்தை வைத்து மறுத்தார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் அந்த மரணக் காட்சியை நீக்கியது.

என்னைக் கேட்டால், காட்சியைவிட மோசமானது கதையின் அமைப்பு. இறந்த பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள், எல்லோரும் கேட்கிறார்கள், குற்றவுணர்வில் துடிக்கிறார்கள். இறந்தபின் அவளுக்கு நியாயம் கிடைக்கிறது! உயிரோடு இருந்தபோது அவள் உதவி கேட்டுப் போன பள்ளி ஆலோசகரோ கைவிட்டுவிடுகிறார். போதாததற்கு, அவளைப்போலப் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு வேறு முடிவே கிடையாது என்பதுபோல, அதிர்ச்சியிலிருந்து சாவுக்கு ஒரு நேர்கோடு. பாலியல் வன்முறை போன்றவற்றின் பாதிப்பு ஆழமானதுதான். ஆனால் அதற்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. தக்க துணையும் சிகிச்சையும் இருந்தால் பலர் மீண்டு வருகிறார்கள். அது திரைக்கு வருவது அபூர்வம்.

தொடரை விடுவோம். இப்போது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாங்கமுடியாத மனவலியில் இருப்பவரின் சிந்தனை, கண்பட்டை கட்டிய வண்டிக் குதிரையின் பார்வைபோலக் குறுகிவிடுகிறது. பக்கத்தில் வேறு வழிகள் இருந்தாலும் கண்ணில் படாது. ஆனால் அதே ஆளுக்குள் வாழும் ஆசையும் சேர்ந்தே இருக்கும். அந்த உச்சத் தவிப்பும் நிரந்தரமல்ல. ஏறி, பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்கும்வரை யாராவது கூட இருந்து, மறந்துபோன இன்னொரு வழியை ஞாபகப்படுத்துவது பெரிய உதவி.

1791இல் வியன்னாவில் அரங்கேறிய மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் இதேதான் நடக்கிறது. காதலியை இழந்துவிட்டதாக நம்பிய பறவை பிடிப்பவன் பாப்பகேனோ சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து நீண்ட உபதேசமெல்லாம் செய்வதில்லை. உன்னிடம் மாய மணிகள் இருக்கின்றனவே, அவற்றை ஒலித்துப்பார் என்கிறார்கள். அவ்வளவுதான்.

அதே வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் நீடர்குரோட்டன்தாலரின் குழு, 2005இன் முதல் 6 மாதங்களில் ஆஸ்திரியப் பத்திரிகைகளில் வந்த 497 செய்திகளை அலசியது. சாகும் எண்ணம் வந்தும் அதைச் செயலாக்காமல் சமாளித்தவரைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைவாக இருந்தன. 2010இல் இதற்குப் ‘பாப்பகேனோ விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். ஊடகத்தால் தற்கொலை பரவுவது 1974லேயே பேசப்பட்டது; தடுக்கவும் முடியும் என்று பார்க்க இத்தனை வருஷம்!

அப்புறம், லாஜிக் என்ற ராப் பாடகர் 2017இல் அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். சாக நினைத்து போன் செய்தவர், பாட்டு முடியும்போது வாழ விரும்புகிறார். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் அழைப்புகள் 6.9 சதவீதம் கூடின, தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்திருந்தன. ஒரு பாட்டுக்கே இவ்வளவு என்றால், தினமும் ஓடும் சீரியல்களை வைத்து இப்படி ஆராய ஏன் யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்பது என் ஆதங்கம்.

வாசகிக்கு: மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பெண் வேறு யாரிடம் போயிருக்கலாம் என்று பேசுங்கள். “உனக்கு அப்படி எப்பவாவது தோணியிருக்கா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வெறும் மூடநம்பிக்கை. பள்ளி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. “ஆமா” என்றால் பதறாமல், திட்டாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926.