ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

போன வாரம் சாயங்காலம் அம்மாவோட ஒரு சின்ன மலை ஏறினேன். ஏறும்போது நின்னு நின்னு மூச்சு வாங்கினாங்க, உச்சியில உக்காந்து சூரியன் மறையறத பாத்துட்டு "இனிமே இறக்கம்தானே, ஈசியா போயிடலாம்"னு நான்தான் சொன்னேன், ஆனா பாதி வழியில என் தோள புடிச்சுகிட்டு "மூச்சு நல்லாத்தான் இருக்கு, கால்தான்டா வெடவெடங்குது"ன்னாங்க. அம்மா சொன்னது அப்படியே சயின்ஸ்.

ஏறறப்ப தொடையோட முன்பக்க தசை சுருங்கி உடம்ப மேல தூக்குது. இறங்கறப்ப அதே தசை பிரேக் மாதிரி வேலை செய்யுது, அதாவது சுருங்க முயற்சி பண்ணிகிட்டே நீளுது. இத இப்பவே பாக்கலாம், தொடை மேல கை வச்சுகிட்டு ரொம்ப மெதுவா நாற்காலில உக்காருங்க, கீழ போகப் போக தசை கல்லு மாதிரி இறுகும். அது விட்டுட்டா தொப்புனு விழுந்துடுவோம்.

இந்த பிரேக் வேலைக்கு ஆக்சிஜன் கம்மியா போதும். 1952ல அபாட், பிக்லண்ட், ரிட்சினு மூணு ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு சைக்கிள எதிரும் புதிருமா செயின்ல இணைச்சாங்க, ஒருத்தர் மிதிக்கணும், இன்னொருத்தர் அந்த பெடல தடுக்கணும். ரெண்டு பேர் காலும் குடுக்கற விசை ஒன்னுதான், ஆனா மிதிச்சவருக்கு தடுத்தவரவிட ரெண்டு மடங்குக்கும் மேல ஆக்சிஜன் தேவைப்பட்டுச்சு. எனக்கு ரொம்ப புடிச்ச சோதனை இது. இறக்கத்துல மூச்சு வாங்காததுக்கு காரணம் இதேதான்.

ஆனா அதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. நீளும்போது கம்மியான தசை நார்களே மொத்த பாரத்தையும் தாங்குது, அதுல நுண்ணிய கிழிசல் விழுது, மூச்சு வாங்காததால நாம நிக்கறதும் இல்ல. அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோதான் வலி உச்சத்துக்கு வரும். தசை கடுமையா உழைக்கறப்ப உண்டாகற லாக்டிக் ஆசிட் சேந்துடுச்சுனு பலபேர் சொல்லுவாங்க, அது தப்பு, லாக்டிக் ஆசிட் ஒரு மணி நேரத்துக்குள்ளயே கிட்டத்தட்ட போயிடும்.

முட்டிக்கும் இதே கதைதான். படி இறங்கறப்ப முட்டி மூட்டுல உடம்பு எடையப்போல மூணு மடங்குக்கும் மேல பாரம் விழுது, அதுவும் மடங்கின நிலையில, அதனால முட்டிச் சில்லு தொடை எலும்பு மேல நல்லா அழுந்துது. சின்னச் சின்ன அடியா வச்சா முட்டி மடங்கறது குறையும், கைல ஒரு கம்பு இருந்தா கொஞ்சம் பாரம் கைக்கு போயிடும்.

சாயங்காலம்ங்கறதால இன்னொன்னும் சேருது. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், வயசானா இன்னும் லேட்டாகும், கண்ணு நடுவுல வெளிச்சம் உள்ள போற கண்பாப்பாவும் முன்ன மாதிரி அகலமா விரியாது. எனக்கு தெளிவா தெரிஞ்ச கல்லு அம்மாவுக்கு வெறும் நிழல். கல்லு தெரியலனா கால் தயங்கும், தயங்கற ஒவ்வொரு அடியிலயும் பிரேக் போட்ட மாதிரி தசை இன்னும் நேரம் இறுகி நிக்கும்.

நல்ல விஷயம் என்னன்னா தசை சீக்கிரம் கத்துக்கும். ஒரு தடவ இறங்கி வலிச்ச தசை ஆறினதும், அதே இறக்கம் அடுத்த சில வாரத்துக்கு ரொம்ப கம்மியாத்தான் வலிக்கும். அதனால இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவ பாதி மலை வரைக்கும்தான் கூட்டிட்டு போறேன், சூரியன் மறையறதுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிடுவோம், நான் ஒரு அடி முன்னால.